தம்பியின் கஞ்சாவும் மாதம் 1,500 ரூபாயும்: டாக்டரிடம் சொல்வதா, மறைப்பதா?

"போர்டுல போயி கஞ்சாவப் பத்தி வாயத் தொறந்துராத. கெடைக்கப்போற காசும் போயிரும்."

தம்பிக்கு மாற்றுத்திறனாளி அட்டை கேட்டு மனுப் போடுவதற்கு முந்தின ராத்திரி அம்மா என்னிடம் சொன்னது இது. போர்டு என்றால், பாதிப்பு எவ்வளவு என்று பார்த்துச் சான்றிதழ் தரும் டாக்டர்கள் குழு. தம்பி திண்ணையில் படுத்திருந்தான். அவன் காதிலும் விழுந்திருக்கும்.

அவனுக்கு இப்போது 26 வயது. 19 வயதில், கடலுக்குப் போன கூட்டாளிகளோடு சேர்ந்து கஞ்சா பழகினான். 22 வயதில் ஒருநாள், கரையில் உட்கார்ந்து வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்து நின்று, "படகுல இருக்கிறவன் எல்லாம் என்னப் பத்தியே பேசுறான்" என்று கத்தினான். படகில் அப்போது ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகு நாலு வருஷம் மதுரை, ராமநாதபுரம், ஏர்வாடி தர்கா என்று அலைந்தோம். சீட்டில் மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்று எழுதியிருக்கிறது. அப்பா இல்லை. அம்மா பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகிறாள். நான் ஒரு இ-சேவை மையத்தில் உட்கார்ந்து ஊராருக்கு மனுப் போட்டுக் கொடுக்கிறேன். என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, இதே கேள்வியை மெதுவாகக் கேட்ட அம்மாக்கள் பலர். எங்கள் வீட்டில் எந்தெந்த வழிகளை எடைபோட்டோம், எதை ஏன் விட்டோம், கடைசியில் எதை எடுத்தோம் என்று அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

காசு சின்னது என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும் அந்த 61 நாளில், எங்கள் ஊரில் கடன் கொடுக்கிறவர்கூடக் கை விரித்துவிடுவார். அந்த நேரத்தில் மாதம் தவறாமல் வரும் 1,500 என்பது அரிசி, மாத்திரை, ராமநாதபுரம் போய்வர பஸ் செலவு. அம்மாவின் பயத்தை நான் தப்பென்று நினைக்கவில்லை. அந்தப் பயம் சரியான இடத்தைப் பார்த்து இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது

பாதி, அமெரிக்காவிலிருந்து. எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவன் அங்கே இருக்கிறான். "போதைப் பழக்கம் இருக்குன்னு தெரிஞ்சா கவர்ன்மென்ட் காசை நிறுத்திருவாங்க" என்று அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் குடும்பத்துக்குள் சுற்றியது. அவன் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1996-இல் அப்படி ஒரு சட்டம் வந்தது. ஒருவரின் இயலாமைக்கு முக்கியக் காரணமே போதை அல்லது குடிப்பழக்கம்தான் என்றால், சமூகப் பாதுகாப்பு உதவித்தொகை கிடையாது. ஆனால் அங்கேயும் அவர்கள் கேட்கும் கேள்வி இதுதான்: போதையை நிறுத்திவிட்டால் இவருக்கு இயலாமை போய்விடுமா? போகாது என்றால் காசு நிற்காது. வாய்ஸ் மெசேஜில் அந்த இரண்டாம் பாதி இல்லை.

நம்முடைய சட்டம் வேறு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைப் பாதிப்புகள் இருக்கின்றன. மனநோய் அதில் ஒன்று. சிந்தனை, மனநிலை, உணர்தல், நினைவு இவற்றில் பெரிய கோளாறு வந்து, அன்றாட வாழ்க்கையை நடத்த முடியாமல் போவதைத்தான் அந்தச் சட்டம் மனநோய் என்கிறது. "போதைப் பழக்கம் உள்ளவர் நீங்கலாக" என்று ஒரு வரி அங்கே இல்லை. அதே சமயம், கஞ்சாப் பழக்கம் மட்டும் இருந்தால் அது அந்த 21-இல் வராது. நோய் வேண்டும். நோயும் பழக்கமும் சேர்ந்து இருந்தால் நோய்க்கு உள்ள உரிமை அப்படியே இருக்கிறது.

மனநோய்க்குச் சதவீதம் போடுவதற்கு 'ஐடியாஸ்' என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தன்னைத்தான் கவனித்துக்கொள்வது, மனிதரோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை என நான்கு விஷயம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நோய் எத்தனை மாதமாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. எல்லாம் கூட்டி 40 சதவீதத்தைத் தொட்டால்தான் உதவிகளுக்கு வழி. கஞ்சா அடிக்கிறாரா என்று அதில் ஒரு கட்டம்கூட இல்லை. இதைத் தெரிந்துகொண்ட அன்றுதான் எனக்கு மூச்சே வந்தது.

அப்படியானால் சொன்னால் ஒன்றுமே ஆகாதா? ஆகும். தாமதம் ஆகலாம். கஞ்சாவும் மூளையைக் கலக்கும். கஞ்சாவினால் மட்டும் வரும் மனப்பிறழ்வு (இல்லாத குரல் கேட்பது, இல்லாததை நம்புவது), நிறுத்திய சில நாட்களிலோ சில வாரங்களிலோ அடங்கிவிடக் கூடும். அதனால், "கொஞ்ச நாள் நிறுத்திப் பார்த்துவிட்டு வாருங்கள், எது தங்குகிறது என்று பார்க்கிறேன்" என்று டாக்டர் சொல்ல வாய்ப்பு இருக்கிறது. மூன்று மாதம் தள்ளிப்போனால் 4,500 ரூபாய் போகும். சொல்வதற்கு உண்மையில் கொடுக்க வேண்டிய விலை என்று நான் கண்டது இது ஒன்றுதான்.

போலீஸ்

அம்மாவின் இன்னொரு பயம் இது. இதில் நியாயம் அதிகம். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், கஞ்சா பயன்படுத்தினாலே 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோ வரை சிறிய அளவு என்று வைத்திருக்கிறார்கள். அதை வைத்திருந்தால் ஓராண்டு வரை. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு.

ஆனால் அதே சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினாலும், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தானாகவே முன்வந்து சிகிச்சைக்குச் சேர்ந்தால், அந்தக் குற்றத்துக்கு வழக்கு நடத்த மாட்டார்கள். பாதியில் ஓடிவந்துவிட்டால் அந்தச் சலுகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நோயாளி டாக்டரிடம் சொன்னது ரகசியம். பிறர் உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. "மாசத்துல இருபது நாள் இழுக்கிறேன் சார்" என்று ஒருவன் சொன்னதற்காக டாக்டர் ஸ்டேஷனுக்கு போன் போடுவது அந்த விதிவிலக்குகளில் வராது.

எங்கள் கரையில் போலீஸ் பயம் வர வேண்டிய இடம் வேறு. மண்டபம், வேதாளைப் பக்கம் இலங்கைக்குக் கடத்தப் பார்த்த கஞ்சா மூட்டை பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. ஓசியில் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டு, "இந்த மூட்டைய அந்தத் தோப்பு வரைக்கும் கொண்டுபோயி வச்சிரு" என்று சொன்னால், தெளிவில்லாத ஒரு பையன் தூக்கிக்கொண்டு போவான். அப்படி மாட்டினால் 64-ஏ காப்பாற்றாது. நோயுள்ள பையனை வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் டாக்டரின் நோட்டைப் பார்த்துப் பயப்படுவதைவிட, ராத்திரி பத்து மணிக்கு வாசலில் வந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிறவனைப் பார்த்துப் பயப்பட வேண்டும்.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

மறைத்துக்கொண்டே போவது

இதை நாங்கள் இரண்டு வருஷம் செய்தோம். அதனால் இதன் விலை எனக்குத் தெரியும்.

தம்பிக்கு ஓலன்சபைன் மாத்திரை கொடுத்திருந்தார்கள். காதில் கேட்கும் குரல் குறையவில்லை. "மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறாரா?" என்று ஒவ்வொரு தடவையும் டாக்டர் கேட்பார். அம்மா சத்தியம் பண்ணுவாள். அது பொய் இல்லை. அம்மாவே கையில் வைத்து, தண்ணீர் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். டாக்டர் அளவைக் கூட்டினார். அப்போதும் குறையவில்லை. போன வருஷம் வாடைக்காற்றுக் காலத்தில் நிலைமை முற்றி, மதுரையில் 12 நாள் உள்நோயாளியாகச் சேர்த்தோம். சேர்த்த சில நாட்களில் தம்பி எழுந்து நிற்கவே முடியாமல் துவண்டு போனான். எச்சில் ஒழுகியது. "ஊசியப் போட்டு எம்புள்ளையக் கெடுத்துட்டாங்க" என்று அம்மா வார்டு வாசலில் உட்கார்ந்து அழுதாள். வெளியே சாப்பிட்ட அதே மாத்திரை, அதே அளவு.

காரணம் எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. பீடித் தூளும் கஞ்சாவும் கலந்து அவன் இழுத்த புகையில் உள்ள சில பொருட்கள் ஈரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடுகின்றன. ஓலன்சபைன், குளோசபைன் போன்ற மருந்துகளை உடைத்து வெளியே தள்ளுவது அந்த நொதிதான். புகை உள்ளே போகப் போக மருந்து சீக்கிரம் கரைந்துவிடும்; அதனால் டாக்டர் அளவைக் கூட்டுவார். வார்டில் புகை நின்றதும் அதே அளவு மருந்து ரத்தத்தில் தேங்கி ஆளைச் சாய்த்துவிடும். இரண்டு வருஷம் டாக்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து கொடுத்திருக்கிறார். கண்ணைக் கட்டியது நாங்கள்.

அந்த 12 நாளுக்கு நான் எழுதிவைத்த கணக்கு 11,000 ரூபாயைத் தாண்டியது. அரசு மருத்துவமனையில் படுக்கைக்கும் மருந்துக்கும் காசில்லை. அம்மாவும் நானும் மாறி மாறித் தங்கியது, பஸ், சாப்பாடு, அம்மா பாசிக்குப் போகாத நாள், என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது, இவ்வளவும் சேர்ந்து வந்த தொகை அது. மாதம் 1,500-ஐக் காப்பாற்றுவதற்காக மறைக்கிறோம் என்று நினைத்தோம். ஏழு மாதப் பணம் பன்னிரண்டு நாளில் போனது.

பணத்தை விடுங்கள். மனச்சிதைவு உள்ளவர் கஞ்சாவைத் தொடர்ந்தால் நோய் திரும்பத் திரும்பக் கிளம்புவதும், மறுபடி மறுபடி மருத்துவமனையில் சேர்வதும் அதிகம். இளம் வயதில் ஆரம்பித்தால் ஆபத்து கூடுதல். ஸ்வீடனில் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட 45,000-க்கும் அதிகமான இளைஞர்களைப் பல வருஷம் கவனித்து 1987-இல் வெளியிட்டார்கள். 18 வயதுக்குள் 50 தடவைக்கு மேல் கஞ்சா அடித்திருந்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சிதைவு வந்தது, கஞ்சாவைத் தொடாதவர்களைப்போல ஆறு மடங்கு. தம்பி 50-ஐ எப்போது தாண்டினான் என்று யோசித்துப் பார்த்தேன். முதல் வருஷத்திலேயே தாண்டியிருப்பான்.

கார்டு வரும்வரை மறைத்துவிட்டு, அப்புறம் சொல்வது

புத்திசாலித்தனமாகத் தெரியும் வழி இது. என் மேசைக்கு வரும் குடும்பங்களில் பாதிப்பேர் மனதில் இருப்பது இதுதான். நானும் ஒரு வாரம் இதிலேயே நின்றேன்.

இதில் என்ன நடக்கும் என்றால், போர்டு தேதிக்கு நாலு நாள் முன்னால் பையனை வீட்டுக்குள் பூட்டி வைத்து, கஞ்சா கிடைக்காமல் செய்து, 'சுத்தமாக' அழைத்துப் போவார்கள். தினமும் பழகியவன் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, சாப்பாடு இறங்காமை தொடங்கி, முதல் வாரத்தில்தான் உச்சத்துக்குப் போகும். அதாவது, வருஷத்திலேயே மோசமான நிலையில் அவனை டாக்டர் முன்னால் உட்கார வைக்கிறோம். சிறுநீர்ப் பரிசோதனையில் தப்பவும் இது உதவாது. தினமும் இழுத்தவருக்குச் சில வாரங்கள்வரை, சிலருக்கு ஒரு மாதம்வரைகூடத் தெரியும்.

இன்னொன்று. பொய்யான முறையில் மாற்றுத்திறனாளி சலுகை பெறுவதற்கு 2016 சட்டத்திலேயே 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. நோய் உண்மையாக இருக்கிறவனுக்கு அது பொருந்தாது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் உண்மையான நோயோடு ஒரு பொய்யை ஏன் சேர்த்துக் கட்ட வேண்டும்? நாளைக்கு அட்டையைப் புதுப்பிக்கப் போகும்போது பழைய பதிவும் புதிய பதிவும் மாறி நின்றால், விளக்கம் சொல்ல வேண்டியவன் தம்பி. அவனால் ஒரு முழு வாக்கியத்தைப் பதறாமல் சொல்வதே கஷ்டம்.

தனியார் மறுவாழ்வு இல்லம்

"மூணு மாசம் உள்ள போட்டா சரியாயிரும்" என்று சித்தப்பா ஓர் இல்லத்தைச் சொன்னார். நானும் அம்மாவும் நேரில் போனோம். மாதம் 15,000 கேட்டார்கள். முதல் மூன்று மாதம் வீட்டார் பார்க்க முடியாது என்றார்கள். மனநல டாக்டர் எப்போது வருவார் என்றதற்கு, "தேவைப்பட்டா கூப்பிடுவோம்" என்று பதில் வந்தது. தம்பி இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டை யாரும் கேட்கவே இல்லை. திரும்பி வந்துவிட்டோம்.

நல்ல இல்லங்கள் இருக்கின்றன. ஆனால் குடிப்பழக்கத்துக்கும் போதைப் பழக்கத்துக்கும் மட்டும் வைத்திருக்கும் இடத்தில், காதில் குரல் கேட்கிறவனைக் கொண்டுபோய் விட்டால், குரலுக்குப் பதில் அடிதான் கிடைக்கும் என்ற பயம் எனக்கு உண்டு. அங்கே போகிறவர்கள் மூன்றைக் கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, மனநல டாக்டர் வாரத்தில் எந்த நாள் வருகிறார், நாங்கள் நினைத்தபோது வந்து பார்க்கலாமா. மூன்றாவதற்கு 'முடியாது' என்றால், மற்ற இரண்டையும் கேட்க வேண்டியதில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது.

ஏர்வாடி

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை. ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்துபோனார்கள். 28 பேர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது; உரிமமில்லாத காப்பகங்கள் மூடப்பட்டன. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017 சட்டம் எந்த வகையிலும் கூடாது என்று தடை செய்திருக்கிறது. தம்பி அந்தத் தீக்குப் பக்கத்து வருஷங்களில் பிறந்தவன். அந்தத் தேதி வரும்போதெல்லாம் அம்மா அவனை ஒரு பார்வை பார்ப்பாள்.

ஆனாலும் அம்மா ஏர்வாடிக்குப் போகிறாள். நாங்கள் வேறு மதம்; ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்குப் போகிற அதே காலோடு ஏர்வாடி தர்காவுக்கும் போவாள். இந்தக் கடற்கரையில் அது ஒன்றும் புதிதில்லை. அங்கே தம்பியை யாரும் பைத்தியம் என்று பார்ப்பதில்லை, நம்மைப்போல நூறு குடும்பம் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்கிறாள். அந்த ஆறுதலை எந்த ஓ.பி. சீட்டும் தராது. நான் அதைத் தட்டிப் பேச மாட்டேன். தர்காவிலேயே துவாவோடு, அதாவது வேண்டுதலோடு, மருந்தும் சேர்ந்து கிடைக்கட்டும் என்று, மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அங்கேயே டாக்டர் பார்க்கும் ஏற்பாடும் வந்தது. ஆக, ஏர்வாடியா ஆஸ்பத்திரியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை. துவாவுக்காக மாத்திரையை நிறுத்துவது மட்டும்தான் கூடாது. எங்கள் வீட்டில் ஒருமுறை அப்படி நிறுத்தி, ஒன்பதாம் நாள் தம்பி கடலில் இறங்கி நடக்க ஆரம்பித்தான். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் பிடித்துக் கொண்டுவந்தார்கள்.

போர்டுக்குப் போகும் முன்பே, ஓ.பி.யிலேயே சொல்லிவிடுவது

இதைத்தான் எடுத்தோம். எங்கே சொல்கிறோம் என்பது முக்கியம். சான்றிதழுக்காகப் போகும் அன்று புதிய ஆட்கள் முன்னால் திடீரென்று சொல்வதைவிட, வழக்கமாகப் பார்க்கும் மனநல டாக்டரிடம் சில மாதம் முன்னதாகவே சொல்லி, அவர் கைப்பட நோட்டில் எழுதவைப்பது நல்லது. ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டிய காலம் இல்லை. போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்பையும் 2017 சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. "இது கஞ்சா கேஸ், இங்க பாக்க மாட்டோம்" என்று திருப்பி அனுப்பினால் அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கேட்கலாம். தமிழக அரசு 2025-இல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்று போதை மீட்பு மையங்களையும் தொடங்கியது. நேரில் சொல்ல நா எழவில்லை என்றால் முதலில் போனில் பேசிப் பாருங்கள்: மனநலத்துக்கு 14416, போதைப் பழக்கத்துக்கு 14446. பேர் சொல்லாமலேகூடக் கேட்கலாம்.

டாக்டர் திட்டவில்லை. எத்தனை, எந்த நேரத்தில், பீடித் தூள் கலந்தா, கடைசியாக எப்போது என்று கேட்டார். அப்புறம் கேட்டதுதான் முக்கியமான கேள்வி: "கஞ்சாவே இல்லாம அதிகபட்சம் எத்தனை நாள் இருந்திருக்காரு? அப்ப குரல் கேட்டுச்சா?" மதுரையிலிருந்து வந்த பிறகு நாற்பது நாள் தொடாமல் இருந்தான். குரல் கேட்டது, சத்தம்தான் குறைவு. அமெரிக்கச் சட்டம் கேட்கும் அதே கேள்வி. அதற்கு எங்களிடம் பதில் இருந்தது, தேதியோடு, நான் வைத்திருந்த நோட்டில். மறைத்திருந்தால் அந்த நாற்பது நாளை எங்கள் பக்கத்துச் சாட்சியாகக் காட்டவே முடிந்திருக்காது.

கஞ்சாதான் காரணமா, நோயா என்று உடனே பிரித்துவிடவும் முடியாது என்று அவர் சொன்னார். டென்மார்க்கில் செய்த ஓர் ஆய்வில், கஞ்சாவினால் வந்த மனப்பிறழ்வு என்று முதலில் எழுதப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பின்னாளில் மனச்சிதைவோ, அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோயோ இருந்தது தெரிந்ததாம். அதனால், 'வெறும் கஞ்சா' என்று யாராவது ஒதுக்கினால் அதோடு விட்டுவிடக் கூடாது. தொடர்ந்து போய்க் காட்ட வேண்டும்.

நோட்டு என்று சொன்னேன். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். குளிக்காத நாள், பேசாமல் இருந்த நாள், வேலைக்குப் போய்ப் பாதியில் திரும்பிய நாள், கஞ்சா இழுத்த நாள், இழுக்காத நாள். போர்டில் கேட்பது அந்த நான்கு விஷயம்தான். அன்றைக்குப் பார்த்துப் பையன் தலைசீவி, நல்ல சட்டை போட்டு, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டால் மதிப்பெண் குறைந்துவிடும். மிகைப்படுத்த வேண்டாம். ஆறு மாதம் எப்படி இருந்தான் என்று நோட்டைக் காட்டினால் போதும்.

அம்மா இன்னொன்றும் கேட்டாள். இந்தக் கேள்விக்கு முன்னால் என்னால் சட்டென்று பேச முடியவில்லை. "கஞ்சாவ விட்டு, மருந்து சரியாப் புடிச்சு, இவன் தேறிட்டான்னா அப்பக் காசு நின்னுரும்ல?" நிற்கலாம். மனநோய்க்கான சான்றிதழைப் பலருக்கும் காலவரம்போடுதான் தருகிறார்கள். திரும்பப் பார்க்கும்போது 40-க்குக் கீழே இறங்கியிருந்தால் ஓய்வூதியம் போகும். ஆனால் குரல் அடங்குவது வேறு, வேலை செய்து நாலு காசு கொண்டுவரும் அளவுக்குத் தேறுவது வேறு. இரண்டுக்கும் நடுவே பல வருஷம் இருக்கும். அந்த அளவுகோல் பார்ப்பது இரண்டாவதைத்தான். அப்படி ஒருநாள் அவன் உண்மையாகவே தேறி, அதனால் 1,500 நின்றால், அந்த நஷ்டத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அம்மா பதில் சொல்லாமல் பாசிக் கூடையைக் கவிழ்த்து உலர்த்தப் போய்விட்டாள்.

சொன்ன பிறகு மாத்திரை அளவை மாற்றினார்கள். புகை குறைந்தாலும் கூடினாலும் உடனே வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். சான்றிதழ் நான்கு மாதம் கழித்து வந்தது. சதவீதம் 40-ஐத் தாண்டியிருந்தது, காலவரம்போடு. நான் பயந்த 4,500 ரூபாயைவிட ஒரு மாதம் கூடுதலாகவே போனது, 6,000. ஓய்வூதிய மனுவுக்காக விஏஓ விசாரணைக்கு வந்தார். வீடு யார் பேரில் இருக்கிறது, நிலம் உண்டா, யார் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டார். கஞ்சாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனு இப்போது தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது.

ஓ.பி. அறைக்குள் இப்போது நாங்கள் யாரும் கூடப் போவதில்லை. அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறாள். தம்பி உள்ளே போய் அவனே சொல்கிறான். போன மாதம், "வாரத்துக்கு ரெண்டு சார்" என்றான். இந்த மாதம், "அஞ்சு ஆயிருச்சு சார்" என்றான். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டு, பதினைந்து நாளில் வரச் சொன்னார்.